சுருக்கத்தின் விலை: ஃபாஸ்ட் நெறிமுறையின் ஏற்றமும் இறக்கமும்

நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருக்கத்தை முதலிலும் தெளிவை அடுத்தும் வைக்கிறது. இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதற்குப் பங்குச்சந்தைத் தரவுப் பரிமாற்றத்தின் வரலாறு ஒரு சான்று.

மும்பையில் உள்ள தேசியப் பங்குச்சந்தை 1994இல் வணிகத்தைத் தொடங்கியபோது, தொலைவிலிருந்த தரகர்களைச் செயற்கைக்கோள்வழி வீசாட் இணைப்புகளால் பிணைத்தது. பெங்களூரு போன்ற நகரங்களின் தரகர்கள் மும்பையின் விலையை உடனுக்குடன் கண்டது அவ்வழியேதான். அவ்விணைப்பின் கொள்ளளவு குறைவு. அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் விலை உண்டு.

மின்னணு வணிகம் பெருகியபோது, இந்நெருக்கடி உலகச் சந்தைகளையும் வேறு வகையில் எட்டியது. விலைச்செய்திகளின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த, ஃபிக்ஸ் அமைப்பு 2006இல் ஃபாஸ்ட் நெறிமுறையை வெளியிட்டது. அதன் உத்தி மொழியியலாளருக்குப் புதிதன்று. 'எங்கே போகிறாய்?' என்ற வினாவுக்குச் 'சந்தைக்கு' என்பதே போதுமான விடை. எஞ்சியதைக் கேட்பவர் வினாவிலிருந்தே நிரப்பிக்கொள்கிறார். ஃபாஸ்ட்டும் அவ்வாறே முன்பு கூறியதை மீண்டும் கூறாது. விலை 5 பைசா உயர்ந்தால் அந்த 5 மட்டுமே செல்லும். எண்களும் தேவையான அளவு பைட்டுகளையே கொள்ளும். ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட்டுகள் தரவையும், எஞ்சிய ஒன்று எண் முடிந்ததா என்பதையும் உணர்த்தும்.

அதன் வலிமையே அதன் குறையுமாயிற்று. புலங்களின் நீளம் நிலையாக இல்லாததால், ஐந்தாம் புலம் எங்குத் தொடங்குகிறது என்பதை முதல் நான்கையும் படித்த பின்னரே அறிய முடியும். முந்தைய மதிப்பைப் பெறுநர் நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். கண்ணாடி இழை இணைப்புகள் பரவின. வணிகர்களின் கணினிகள் சந்தையின் வளாகத்துக்குள்ளேயே இடம்பெற்றன. தேசியப் பங்குச்சந்தையில் இவ்வசதி 2010இல் வந்தது. பாதை அகன்று குறுகியபின், செய்தியை அனுப்பும் நேரத்தைவிட அதை விரித்துப் படிக்கும் நேரமே சுமையாயிற்று. சிகாகோவின் சிஎம்இ சந்தை 2015 அளவில் ஃபாஸ்ட்டைக் கைவிட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் நிலையான இடம் வகுக்கும் எஸ்பிஇ குறிமுறைக்கு மாறியது. ஃபாஸ்ட் முற்றாக மறையவில்லை. ஆயினும் வேகத்தை நாடுவோரின் முதல் தேர்வாக அது இன்று இல்லை.

நிலையான இடம் என்னும் அதே கொள்கையைப் பெங்களூருவிலும் காணலாம். 2010இல் அங்குத் தோன்றிய ஜெரோதா நிறுவனத்தின் கைட் கனெக்ட் சேவை நுண்நொடிப் போட்டிக்கானதன்று. சிறு முதலீட்டாளர்களும் நிரலர்களும் பயன்படுத்துவது. அதில் விலை மட்டும் கூறும் தொகுப்பு 8 பைட்டுகளே: பங்கின் எண்ணுக்கு 4, பைசாக் கணக்கில் விலைக்கு 4. முந்தைய தொகுப்பைக் காணாதவரும் அதைப் படிக்கலாம்.

பேசுபவரின் சிக்கனமும் கேட்பவரின் சிக்கனமும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்று ஜார்ஜ் ஜிப்ஃப் 1949இல் விளக்கினார். ஃபாஸ்ட் பேசுபவரின் சுமையைக் கேட்பவரின் தோளுக்கு மாற்றியது. பாதை அரிதாயிருந்தவரை அது நியாயமான பேரம். பாதை மலிந்து கேட்பவரின் நேரம் அரிதானபோது அப்பேரம் முறிந்தது. ஆகவே சிக்கனம் என்பது ஒரு குறியீட்டினுள் உறையும் பண்பன்று. எது அரிது என்பதைப் பொறுத்து மாறும் உறவு.