வினை விதைத்தவன் வினை அறுப்பான்

'வினை விதைத்தவன் வினை அறுப்பான். தினை விதைத்தவன் தினை அறுப்பான்' என்பது, ஒருவர் செய்ததன் பயன் அவரையே வந்து சேரும் என்று உணர்த்தும் தமிழ்ப் பழமொழி. தினையை முன்னும் வினையைப் பின்னுமாக மாற்றிச் சொல்வதும் உண்டு. பேச்சில் பெரும்பாலும் வினைப் பாதியோடு நின்றுவிடும். இங்கே வினை என்பது தீவினை. தினை நற்செயலுக்கு நிற்கிறது.

தினைப்புனம்

நெல்லும் வரகும் இருக்கத் தினை இடம்பெற்றதற்கு எதுகையே காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஓசைக்காக மட்டும் ஒரு பயிர் மக்கள் வாயில் இவ்வளவு காலம் நின்றிருக்காது. தினை குறிஞ்சி நிலத்தின் உணவு. விதைப்பு, காவல், அறுவடை என அதன் ஒவ்வொரு கட்டமும் சங்கப் பாடல்களில் பேசப்படுகிறது. மலைச்சரிவில் மரங்களை வெட்டி எரித்த புனத்தில் மழை பார்த்து விதைத்தார்கள். புறநானூற்றின் 168ஆம் பாடலில், காந்தள் கிழங்குக்காகக் காட்டுப்பன்றிகள் கிளறிப்போட்ட புழுதியே உழவாகிவிடுகிறது. குறவர்கள் ஏர் பூட்டாமல், நல்ல நாள் பார்த்து அதில் தினை விதைக்கிறார்கள். கதிர் பால் பிடித்ததும் காவல் தொடங்கும். பெண்கள் பரண்மீது இருந்து தட்டை, குளிர் ஆகிய கருவிகளை ஒலித்தும் கவண் வீசியும் கிளிகளை விரட்டினார்கள்; இரவில் யானைக்கும் பன்றிக்கும் தனிக் காவல் இருந்தது. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் 'கிள்ளைப் பத்து' என்று பத்துப் பாடல்களைக் கிளிக்கே ஒதுக்கியிருக்கிறார். முருகன் வள்ளியைக் கண்டதாகச் சொல்லும் கதையும் தினைப்புனக் காவலில்தான் நடக்கிறது. கதிர் கொய்தபின் நின்ற தாளில் அவரைக் கொடி படர்வதையும் அக்காலப் புலவர்கள் கவனித்துப் பாடியிருக்கிறார்கள்.

தினை ஏறக்குறைய மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். போட்டவர் கண்முன்னே முளைத்து, போட்டவர் கையாலேயே அறுபடும். விதையோ மிகச் சிறியது. ஆனால் அது தரும் கதிரில் மணிகளை எண்ணி மாளாது. திருக்குறளும் சிறுமைக்குத் தினையையே அளவாகக் கொள்கிறது: 104ஆம் குறளில் பெற்ற உதவிக்கு, 433ஆம் குறளில் செய்த குற்றத்துக்கு. ஆகவே, சிறு செயலும் பெருகித் திரும்பும், அதுவும் விரைவில் திரும்பும் என்று சொல்ல மலைநிலத்து உழவர் கையில் இருந்த மிகப் பொருத்தமான பயிர் தினைதான்.

வினைக் கொள்கை

சமண முனிவர்கள் பாடியதாகக் கருதப்படும் நாலடியாரில் 'பழவினை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. பல பசுக்களுக்கு நடுவே விட்டாலும் கன்று தன் தாயைக் கண்டுகொள்வதுபோல, பழைய வினை செய்தவனைத் தேடி அடையும் என்கிறது அது. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறவிக் காரணம் சொல்கிறது: கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் இருந்தபோது, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தவன் அவன்.

இவற்றை வைத்து, பழமொழியையும் மறுபிறவிக் கருத்தின் சுருக்கம் என்று கொள்வோர் உள்ளனர். அது பொருந்தாது. காலையில் பிறருக்குச் செய்த தீங்கு மாலையில் தானே வந்து சேரும் என்னும் 319ஆம் குறளின் வழியில் வருவது இது. 'முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும்' என்று அக்குறளின் கருத்தும் பழமொழியாகவே வழங்குகிறது. யார் விதைத்தார், என்ன விதைத்தார் என்று ஊரறிந்த இடத்தில்தான் இதைச் சொல்ல முடியும். நோயிலும் வறுமையிலும் வாடுகிறவரைப் பார்த்து, எப்போதோ செய்த வினை என்று இதைச் சொல்வது பழமொழியைக் கொடுமைக்குப் பயன்படுத்துவதாகும். அவர் விதைத்ததை எவரும் பார்க்கவில்லை.

பிற மொழிகளில்

விதைப்பையும் அறுப்பையும் கொண்டு இதே கருத்தைச் சொல்லும் மரபு பல இடங்களில் உண்டு. பாலி மொழியின் சங்யுத்த நிகாயத்திலும், பைபிளில் கலாத்தியர் 6ஆம் அதிகாரத்திலும் அது காணப்படுகிறது. காற்றை விதைத்தவர் சூறாவளியை அறுப்பதாக ஓசியா 8ஆம் அதிகாரம் இன்னும் கடுமையாகக் கூறுகிறது.

பதிப்புகள், இன்றைய நிலை

தமிழ்ப் பழமொழிகளைப் பெருமளவில் அச்சேற்றியோரில் பீட்டர் பெர்சிவல் குறிப்பிடத்தக்கவர். 1874இல் வெளிவந்த அவரது நூலில் 6,000க்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. 1897இல் ஜென்சன் பொருள்வாரியாகப் பகுத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். பின்னர் கி. வா. ஜகந்நாதன் பல தொகுதிகளாகத் தொகுத்தார். 2023ஆம் ஆண்டை ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் தினை மீண்டும் பேச்சில் அடிபடுகிறது. பழமொழி மேடையிலும் திரைப்பட வசனத்திலும் தொடர்ந்து வழங்குகிறது.