சாம்பல் நிறக் குட்டி டிராக்டர்

ரயிலேறிப் பஞ்சாபின் வழியே செல்லும் நம் சங்க அன்பர்கள், கோதுமை வயல்களில் செந்நிற டிராக்டர்கள் உழுது செல்வதைப் பலமுறை கண்டிருப்பர். அவற்றுள் 'மாஸி பெர்குஸன்' என்னும் பெயர் தாங்கியவை, 1960-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற 'டாஃபே' நிறுவனத்தின் வழிவந்தவை. வடநாட்டு மண்ணில் நம்மூர்ச் சரக்கு உழுகிறது என்று நம்மவர் பெருமை கொள்வதுண்டு. ஆயினும் அப்பெயரின் பிற்பாதியில் நிற்கும் பெர்குஸன் யார் என்பதை அறிந்தோர் சிலரே.

ஹாரி பெர்குஸன் 1884-இல் அயர்லாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று, தாமே கட்டிய விமானத்தில் ஏறி அந்நாட்டில் முதன்முதலாகப் பறந்தவரும் அவரே. முதல் உலகப் போரின்போது உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு, டிராக்டர்களைக் கண்காணிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்து டிராக்டர், வண்டி மாட்டைப்போலக் கலப்பையைப் பின்னே இழுத்துச் சென்றது. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால், பின்சக்கரம் நிற்காது சுழல, முன்பகுதி மேலெழும்பி வண்டி பின்புறமாகக் கவிழும். ஓட்டுபவன் அதனடியில் நசுங்குவான். இவ்வாறு மாண்டோர் பலர்.

பெர்குஸன் கண்ட வழி எளியது. கலப்பையை மூன்று இடங்களில் வண்டியோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் தாழ்த்தவும் செய்தார். மண் கலப்பையைப் பின்னுக்குத் தள்ளும் விசையே மேல் தண்டின் வழியே வண்டியின் முன்பகுதியை நிலத்தில் அழுத்தியது. ஆகவே எடை குறைந்த சிறு வண்டியும் ஆழ உழுதது. இன்று உலகெங்கும் டிராக்டர்களின் பின்புறம் காணும் மும்முனை இணைப்பு இதன் வழி வந்ததே.

1938-இல் ஹென்றி போர்டும் அவரும் எழுத்துமூல ஒப்பந்தம் ஏதுமின்றிக் கைகுலுக்கி ஒரு கூட்டு ஏற்படுத்திக்கொண்டனர். பேரனார் காலத்தில் அது முறிந்தது, வழக்கு நடந்தது, 1952-இல் பெர்குஸனுக்கு 92.5 லட்சம் டாலர் கிடைத்தது. கைகுலுக்கலை நம்பித் தொழில் நடத்துவோர்க்கு அது நல்ல பாடமோ கெட்ட பாடமோ, நான் அறியேன்!

இதனிடையே 1946-இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் அவருடைய 'டி.இ.20' பிறந்தது. 1956 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. அனைத்தும் ஒரே சாம்பல் நிறம். விடுதலைக்குப்பின் நம் நாட்டிற்கும் அவை வந்திறங்கின.

அத்தகைய ஒன்றை எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள பட்டறையில் கண்டேன். பழைய டிராக்டர்களைச் சீர்செய்வதில் கைதேர்ந்த மிஸ்திரி ஒருவர் அதைப் பிரித்துப் போட்டிருந்தார். இறுகிப்போன பிஸ்டன்களில் எண்ணெய் ஊற்றிப் பல நாள் காத்திருந்ததாகச் சொன்னார். சிலிண்டருக்குள் இருக்கும் உறை தனியே கழற்றி மாற்றத்தக்கது. அதனால் எஞ்சின் முழுவதையும் தூக்கி எறிய வேண்டுவதில்லை. இதே எஞ்சின் குடும்பமே 1950-களில் சென்னையில் பொருத்தப்பட்ட 'ஸ்டாண்டர்டு வான்கார்டு' காரிலும் இருந்தது என்று நான் சொன்னபோது, அவர் என்னைச் சற்று மதிப்புடன் பார்த்தார். கியர்க் கம்பியை 'எஸ்' என்ற எழுத்தின் பக்கம் தள்ளினாலன்றி அவ்வண்டி கிளம்பாது. ஆகவே கியரில் இருக்கும்போது தவறிக் கிளம்பும் அபாயமில்லை.

ஆனால் அன்று பட்டறையில் எழுந்த வழக்கு வேறு. வண்டியின் மேல் சிவப்புப் பூச்சு. அதைச் சுரண்டியபோது உள்ளே சாம்பல் நிறம். உரிமையாளரின் மகன் சிவப்பு முழுவதையும் நீக்கி, காவென்ட்ரியிலிருந்து வந்த கோலத்திற்கே மாற்ற வேண்டும் என்றார். தந்தையோ, "சிவப்புப் பூசியது என் தகப்பனார். அவர் கையை நீ சுரண்டுகிறாய்" என்றார். மிஸ்திரி உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது எனக்கு எட்மண்ட் ஹில்லாரி நினைவுக்கு வந்தார். 1953-இல் டென்சிங்குடன் எவரெஸ்ட் ஏறியவர். 1985 முதல் 1989 வரை தில்லியில் நியூசிலாந்துத் தூதராக இருந்தவர். தென்துருவத்தைக் கடக்கும் பயணத்தில், புக்ஸ் என்பார் தலைமையில் மறுபுறமிருந்து வரும் குழுவுக்காக வழியில் எண்ணெயும் உணவும் சேமித்து வைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அதற்கு அவர் கொண்டு சென்றவற்றுள் மூன்று, இதே சாதிப் பெர்குஸன்கள்! அவருடைய மெக்கானிக்குகள் சக்கரங்களைச் சுற்றிப் பட்டைகள் மாட்டினர். குளிர்க்காற்றைத் தடுக்கக் கித்தான் மறைப்புக் கட்டினர். பனிப்பிளவில் ஒரு வண்டி விழுந்தால் மற்றவை தாங்கும்படி ஒன்றோடொன்றைக் கயிற்றால் பிணைத்தனர். 1957 அக்டோபர் 14 அன்று புறப்பட்டு, 1958 ஜனவரி 4 அன்று துருவத்தை அடைந்தனர். 1912-இல் ஸ்காட் சென்றபின் தரைவழியே அங்குச் சென்றவர் இவர்களே. எஞ்சின் வண்டியில் சென்றோருள் முதல்வரும் இவர்களே. புக்ஸ் வந்து சேர்ந்தது ஜனவரி 19-இல். வழியமைக்கச் சென்றவர் முந்திக்கொண்டாரே என்ற முணுமுணுப்பும் எழாமல் இல்லை.

அவ்வண்டிகளுள் ஒன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரிலுள்ள கான்டர்பரி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 'மூல உருவம்' வேண்டுமென்று யாரேனும் அதன் பட்டைகளைக் கழற்றிவிட்டால், அது இங்கிலாந்தின் ஏதோ ஒரு வயலில் உழுத வண்டியாகிவிடும். துருவம் சென்ற வண்டியாக இராது. மாற்றியமைத்ததும் வரலாறன்றோ?

இதை நான் சொல்லி முடித்ததும் மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மட்கார்டில் பாட்டனார் தூரிகையால் எழுதியிருந்த ஊர்ப்பெயரைக் காட்டி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் சிவப்பாகவே விட்டுவிடும்படி மிஸ்திரியிடம் கூறினார். தந்தைக்கு அது போதவில்லை. நான் புறப்படும்போதும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர்.