காந்தியின் பெயரால் ஒரு லண்டன் உப தேர்தல்

மேபேர், பெல்கிரேவியா முதலிய செல்வர் வீதிகள் அடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் செயின்ட் ஜார்ஜஸ் தொகுதியில், கன்ஸர்வேடிவ் அபேட்சகர் பார்லிமெண்டுக்குத் தெரிந்தெடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு சடங்காகவே இருந்துவந்தது. எனினும், 1931 பிப்ரவரியில் அதன் அங்கத்தினர் லாமிங் வொர்திங்டன்-எவான்ஸ் காலமானதால் நேர்ந்த உப தேர்தல், கட்சித் தலைவர் ஸ்டான்லி பால்ட்வினின் பதவிக்கே உலை வைக்கப் பார்த்தது.

'டெய்லி மெயில்' அதிபர் ராதர்மியரும் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' அதிபர் பீவர்புரூக்கும் ஏர்னஸ்ட் பெட்டர் என்ற யந்திரத் தொழிலதிபரைச் பால்ட்வினுக்கு எதிரான சுயேச்சைக் கன்ஸர்வேடிவாக ஆதரித்து நின்றனர். கட்சி முதலில் நிறுத்த எண்ணியிருந்த மூர்-பிரபஸனோ, பால்ட்வினின் தலைமையை ஆதரித்துப் பேச இயலாதென்று ஒதுங்கிக்கொண்டார். மார்ச் முதல் தேதி பால்ட்வின் ராஜினாமாச் செய்யவே நிச்சயித்து, பின்னர் நண்பர்களின் வற்புறுத்தலால் மனம் மாறி, தாமே அங்கு போட்டியிடலாமா என்றுகூட யோசித்தார். இறுதியில் கட்சி அபேட்சகராக டஃப் கூப்பர் முன்வந்தார். தொழிற்கட்சி ஆளை நிறுத்தவில்லை. ஆகவே இது முழுக்க முழுக்கப் பங்காளிச் சண்டை.

மார்ச் 5-ஆம் தேதி வைஸ்ராய் இர்வினும் காந்தியடிகளும் உடன்படிக்கை செய்துகொண்டனர். பால்ட்வின் இர்வினின் கொள்கையை ஆதரித்தவர். உடனே ராதர்மியரின் பத்திரிகை, கூப்பருக்கு இடும் வாக்கு காந்திக்கு இடும் வாக்கென்னும் பாவனையில் பிரசாரம் செய்தது. உப்புச் சத்தியாக்கிரகம் நடத்திச் சிறையிலிருந்து வெளிவந்தவரின் பெயர், மேபேர் மாளிகைச் சீமாட்டிகளின் விருந்து மேஜையில் வாக்குச் சேகரிக்கும் கருவியானது விநோதமே. ஆயினும், இந்தியா இங்கு ஓர் ஆயுதமே தவிர, உண்மையான வழக்கு கட்சியை நடத்துவது யாரென்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தந்தை விட்டுச்சென்ற சொத்தைத் தொலைத்த பால்ட்வின் பிறருடைய அல்லது நாட்டினுடைய செல்வத்தை எப்படி மீட்பார் என்று ராதர்மியரின் பத்திரிகை எழுதியதுதான் விபரீதமாயிற்று. மார்ச் 17-ஆம் தேதி குவீன்ஸ் ஹாலில் எழுந்த பால்ட்வின், வழக்குத் தொடர்ந்தால் நஷ்டஈடு கிடைக்குமென்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், அந்தப் பணத்தைத் தாம் தீண்டப்போவதில்லையென்றும் கூறிவிட்டு, இப்பத்திரிகை அதிபர்கள் நாடுவது பொறுப்பில்லாத அதிகாரம், அதுவோ காலங்காலமாக வேசியரின் உரிமை என்ற பொருள்படப் பேசினார். அச்சொல்லம்பை வடித்துக் கொடுத்தவர் அவருடைய பெரியன்னையின் புதல்வர் ருட்யார்ட் கிப்ளிங்.

இரண்டு நாள் கழித்து நடந்த வாக்குப்பதிவில் கூப்பர் 17,242, பெட்டர் 11,532, வித்தியாசம் 5,710. அம்மாத இறுதிக்குள் பீவர்புரூக் சமாதானத்துக்கு வந்தார். தலைமையில் நிலைத்த பால்ட்வின், 1935-இல் இந்திய அரசாங்கச் சட்டம் சர்ச்சிலின் கடும் எதிர்ப்பைத் தாண்டி நிறைவேறியபோது பிரதம மந்திரியாக இருந்தார். அச்சட்டத்தின்படி நடந்த தேர்தலுக்குப் பின்னரே 1937-இல் சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை அமைந்தது.