கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தவர்கள்

செயற்கை நுண்ணறிவு பற்றி நம்ம ஆட்கள் பேசுவதெல்லாம் எந்திரம் சிந்திக்குமா, கவிதை எழுதுமா என்பதோடு நின்றுபோகிறது. அதற்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பாரில்லை. இந்தக் கேள்வியின் வரலாற்றை நான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

1790களில் பாரிஸில் மடக்கை அட்டவணைகள் தயாரிக்கும் பொறுப்பு காஸ்பார் த புரோனியிடம் வந்தது. ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலையைப் படித்திருந்த அவர், மடக்கையையும் குண்டூசி மாதிரியே உற்பத்தி செய்யத் துணிந்தார். மேலே, சூத்திரம் வகுக்கும் கணித மேதைகள் ஐந்தாறு பேர்; நடுவில், அதை எண்களாக்கித் தரும் ஏழெட்டுப் பேர்; அடியில், கூட்டவும் கழிக்கவும் மட்டுமே விதிக்கப்பட்ட அறுபது எண்பது பேர். பிரபுக்களுக்குச் சிகை அலங்காரம் செய்து பிழைத்தவர்களும் இதில் இருந்ததாகச் சொல்வார்கள். (தலையே போனபின் சிகைக்கு ஏது வேலை?) மேல்தட்டிலிருந்த லெஜாந்தரை வரலாறு அறியும். அடித்தட்டு வெறும் எண்ணிக்கை.

சும்மா சொல்லக்கூடாது, சார்லஸ் பாபேஜ் ஒளிவுமறைவில்லாத ஆள். இந்த ஏற்பாட்டை 1832இல் வெளிவந்த தன் நூலில் வியக்கிறார்: அடித்தட்டில் பத்தில் ஒன்பது பேருக்குக் கூட்டல் கழித்தலுக்கு மேல் தெரியாது, அவர்கள் போட்ட கணக்கில்தான் பிழை குறைவு. வேலையைத் துண்டுபோட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கான மிகக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதும் அதே நூலில் இருக்கிறது. 1974இல் ஹாரி பிரேவர்மன் பாபேஜ் கோட்பாடு என்று குறிப்பிட்டது இதைத்தான். பாபேஜின் கணக்கு எந்திரம் இந்த மூன்றாம் தட்டின் இடத்தைப் பிடிக்கவே திட்டமிடப்பட்டது. ஆக, மனிதரை எந்திரமாக்கிய பிறகுதான் எந்திரத்துக்கான வரைபடமே சாத்தியமாயிற்று.

அந்தத் தட்டு ஒழிந்துவிட்டதா? 2023 ஜனவரியில் 'டைம்' இதழ் நைரோபியிலிருந்து ஒரு செய்தி வெளியிட்டது. சாட்ஜிபிடி ஆபாசமாகப் பேசிவிடக் கூடாதென்று ஓப்பன்ஏஐ, சாமா என்ற நிறுவனத்திடம் வேலை கொடுத்திருந்தது. ஒப்பந்தத்தில் மணிக்கு 12.50 டாலர், தொழிலாளி கைக்கு வந்தது 1.32 முதல் 2 டாலர். குழந்தைகள்மீதான பாலியல் வன்முறை, சித்திரவதை, தற்கொலை பற்றிய விவரணைகளை நாள்பூராவும் படித்து வகைபிரிக்க வேண்டும். அந்த இதழிடம் பேசிய நால்வரும் மனக்காயத்தோடு இருப்பதாகச் சொன்னார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு வித்தியாசம். புரோனியின் அடித்தட்டுக்கு எதுவும் புரிய வேண்டிய அவசியமில்லை. நைரோபியில் புரிந்தாக வேண்டும், குமட்டியாக வேண்டும். எந்திரத்திடம் இல்லாத அந்த அருவருப்பைத்தான் கம்பெனி வாங்குகிறது. கூலி மட்டும் கூட்டல் கழித்தலுக்கான கூலி.

2023 மே தினத்தன்று நைரோபியில் இத்தகைய தொழிலாளர்கள் 150 பேருக்கு மேல் கூடி, சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். பேஸ்புக், டிக்டாக் பதிவுகளைச் சலித்தவர்களோடு சாட்ஜிபிடிக்காகப் படித்தவர்களும் அதில் இருந்தார்கள்.