ஆல்-இன்-ஒன் கணினிகளின் வைஃபை அட்டை

திரைக்குள்ளேயே முழுக் கணினியையும் அடக்கிய ஆல்-இன்-ஒன் வகையில் வைஃபை முதலில் தனி அட்டையாகவே வந்தது. 1999 அக்டோபரில் வெளியான ஐமேக் டிவியில் ஏர்போர்ட் அட்டைக்கு இடம் மட்டுமே விடப்பட்டிருந்தது. அட்டையை வாங்கிச் செருக வேண்டும். பின்னர் மினி பிசிஐ, மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், எம்.2 என வடிவம் மாறிக்கொண்டே வந்தது.

இந்தியாவில் 2.4 கிகாகெர்ட்சு அலைக்கற்றை 2005 சனவரியில் உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. 5 கிகாகெர்ட்சில் 605 மெகாகெர்ட்சு, கட்டடத்துக்கு வெளியிலும் பயன்படும் வகையில், 2018 அக்டோபரில்தான் விடுபட்டது. பழைய கணினிகள் பலவற்றில் இருப்பதோ 2.4 மட்டும் அறிந்த மலிவு அட்டை. திருச்சியிலோ திருவரங்கத்திலோ புதிய திசைவி வாங்கிய வீட்டில் அதன் 5 கிகாகெர்ட்சு வலையமைப்பு அக்கணினிக்குத் தென்படாது. பழுதென்று கருதிக் கணினியையே ஒதுக்கத் தேவையில்லை. அட்டையை மாற்றினால் போதும்.

விண்டோசின் சாதன மேலாளரில் உள்ள வன்பொருள் அடையாளம் அட்டையைக் காட்டிக்கொடுக்கும். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட செயலியின் பெயரும் அதுவே. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையின் அகலம் 30 மி.மீ., எம்.2 வைஃபை அட்டைக்குப் பெரும்பாலும் 22 மி.மீ.; ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பொருந்தினாலும், சில கணினிகளின் பயாஸ் தன் அனுமதிப் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்க மறுத்துவிடும்.