உப்பு, வெயில், கொஞ்சம் நானோ

ஆம்பூர்னா பிரியாணி, வேலூர்னா வெயில். பிரியாணிய இன்னொரு நாள் வச்சுக்கலாம். இன்னிக்கு உப்பும் வெயிலும்.

உரிச்ச தோல் அழுகாம இருக்க உப்பு தடவுவாங்க. தோலோட எடையில 40 சதவீதம் வரைக்கும்கூடப் போகும். டேனரியில ஊறப்போட்டதும் அந்த உப்பு தண்ணியில கரைஞ்சு வெளியேறும். பல வருஷம் அது போய்ச் சேர்ந்த இடம் பாலாறும் வயலும். 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ பாழானதா ஒரு ஆய்வை அதுல காட்டியிருக்காங்க.

மாசுபடுத்தினவன் செலவை ஏத்துக்கணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. சரி, உப்பு? மத்த கழிவை பாக்டீரியா தின்னும், குரோமியத்தைப் படிய வைக்கலாம். உப்பு எதுக்கும் மசியாது. ஆர்.ஓ. சவ்வுல வடிகட்டினாலும் இன்னும் கெட்டியான உப்புத்தண்ணி மிஞ்சும். அதைக் காய வைச்சே ஆகணும்.

பாத்தி கட்டி வெயில்ல விடலாம். ஒரு சதுர மீட்டர்ல ஒரு நாளைக்கு விழுற வெயில் சுமார் 18,000 கிலோஜூல். ஒரு லிட்டர் ஆவியாக 2,400 வேணும். துளி சூடு வீணாகலைன்னாலும் ஏழரை லிட்டர்தான்! நிஜத்துல அடித்தண்ணியும் தரையும் பங்கு கேக்கும். மழைக்காலம் வேற. கொதிகலன் வச்சுக் காய்ச்சினா எரிபொருள் செலவு. தேக்கி வைக்கிறதும் ஆபத்துதான். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை பொது சுத்திகரிப்பு நிலையத்துல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு 10 தொழிலாளர்கள் செத்துப்போனாங்க.

இங்கதான் நானோ வருது. 2014-ல் எம்.ஐ.டி.யில் காங் சென் குழு, மொத்தத் தண்ணியையும் விட்டுட்டு மேற்பரப்பை மட்டும் சூடாக்கிக் காட்டினாங்க. மிதக்கிற கார்பன் நுரை, அதுமேல கிராஃபைட் அடுக்கு. விளக்குத்திரி மாதிரி நுண்துளைகள் தண்ணிய மேல இழுக்கும். 10 மடங்கு குவிச்ச வெளிச்சத்துல 85 சதவீதம் ஆவியாக்கவே பயன்பட்டது. அப்புறம் நானோகுழாய், நானோ துகள்னு உலகம் முழுக்க இதே வேலை.

சிக்கல் பழைய ஆளுதான்: உப்பு. மேல படிஞ்சு வெளிச்சத்தையே மறைச்சுடும். ஆய்வகத்துல கரைச்ச சுத்தமான உப்புக்கே இந்தப் பாடு. டேனரித் தண்ணியில கொழுப்பு, புரதம், சல்ஃபைடு எல்லாம் இருக்கே?

என்னைக் கேட்டா, சென்னை சி.எல்.ஆர்.ஐ. ஆராய்ஞ்ச உப்பு குறைச்ச பதப்படுத்தலுக்குத்தான் என் ஓட்டு. நானோ ஜெயிச்சாலும் கடைசியில காய்ஞ்ச உப்பு மூட்டை மூட்டையா நிக்குமே... அதை ஊறுகாய்க்கா போட முடியும்?