ஆப்பிரிக்கக் காலனியாதிக்கம், பள்ளிப் பாடமாக: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டு ஆண்ட வரலாற்றை நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றியது இக்கட்டுரை. 1870 வாக்கில் அந்தக் கண்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஐரோப்பியர் கையில் இருந்தது. 1914இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் நீங்கலாக அனேகமாக எல்லாமே அவர்கள் வசம் போய்விட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது எங்கோ நடந்த செய்தி. ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் வளரும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, நெற்கட்டும்செவல் என்று அவர்கள் அன்றாடம் கேட்கும் ஊர்ப்பெயர்கள் பாளையங்களின் பெயர்கள். ஆப்பிரிக்காவில் நடந்தவற்றில் பலவும் அதற்கு நூறாண்டு முன்பே இந்த ஊர்களில் நடந்து முடிந்தவை.

பாடநூலில் இதன் இடம்

2018 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் புதுப்பித்து வெளியிடப்பட்ட நூல்களில், எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலின் வரலாற்றுப் பகுதி ஐரோப்பியர் வருகையையும், வணிகம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனி பேரரசானதையும், பாளையக்காரர் கிளர்ச்சிகளையும் சொல்கிறது. அதே வகுப்பின் புவியியல் பகுதியில் ஆப்பிரிக்கா வருகிறது: பாலைவனம், ஆறுகள், புல்வெளி, கனிமங்கள். இரண்டும் ஒரே வகுப்பில் படிக்கும் பாடங்கள். ஆனாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் காலனியாதிக்கம் என்ற பாடம் ஒன்பதாம் வகுப்பில்தான் வருகிறது. பொன்னும் வைரமும் கிடைக்கும் மண்ணில் வறுமை ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், அந்த ஆண்டின் புத்தகம் விடை சொல்லாது. மழை இல்லை, சண்டை அதிகம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது பிழையான விடை மட்டுமல்ல, அந்த மக்கள்மீது பழி போடும் விடையும்கூட. இதற்காகப் புதுப் பாடநூல் எழுத வேண்டியதில்லை. பாளையக்காரர் பாடம் முடிந்ததும் இரண்டு மூன்று பாடவேளை ஒதுக்கினால் இரு பாடங்களையும் இணைத்துவிடலாம்.

கையெழுத்து போட்டவர்கள்

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படையும், ஆற்காடு நவாபின் அண்ணன் மாபூஸ்கானின் படையும் தெற்கே வந்து கப்பம் கேட்டன. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் ஹெரான் திரும்பினார். 1761இல் கம்பெனியின் படைத்தளபதி யூசுப்கான் அதைப் பிடித்தார். கம்பெனிக்காக வென்று கொடுத்த அந்த யூசுப்கானையே 1764இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். பிறகு 1792இல் நவாபும் கம்பெனியும் கர்நாடக உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை அதன்மூலம் கம்பெனிக்குப் போனது. 1801 உடன்படிக்கையில் நவாபின் சீமை முழுவதும் கைமாறியது. இரண்டு முறையும் கையெழுத்து போட்டவர்களில் பாளையக்காரர் ஒருவரும் இல்லை. வரி கட்ட வேண்டிய குடியானவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பெர்லின் மாநாடு எளிதில் விளங்கும். 1884 நவம்பர் 15 முதல் 1885 பிப்ரவரி 26 வரை ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க் கூட்டிய அந்த மாநாட்டில் 14 நாடுகள் கலந்துகொண்டன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அழைக்கப்படவில்லை. ஒரு திருத்தத்தை ஆசிரியர் இங்கே சொல்லியாக வேண்டும். மேசைமேல் வரைபடத்தை விரித்துப் பெர்லினிலேயே எல்லைகளைக் கிழித்தார்கள் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது முழு உண்மை இல்லை. காங்கோ, நைஜர் ஆறுகளில் வணிகம் எப்படி, கடற்கரையைப் பிடித்தவர் மற்றவருக்கு எப்படி அறிவிக்க வேண்டும் என்ற விதிகள்தான் அங்கே வகுக்கப்பட்டன. எல்லைக்கோடுகளில் பெரும்பாலானவை பின்வந்த ஆண்டுகளில் இரண்டிரண்டு நாடுகள் தனித்தனியே செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பிறந்தவை. 1792க்கும் 1801க்கும் இடையே இங்கு நடந்ததுபோல, ஆக்கிரமிப்பு ஒரே நாளில் முடிந்த காரியம் இல்லை என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க எளிய வழி உண்டு. பக்கத்து வகுப்பிலிருந்து இருவரை வரவழைத்து, இந்த வகுப்பின் விளையாட்டு மைதானத்தைத் தங்களுக்குள் பிரித்து எழுதிக் கையெழுத்து போடச் சொல்லலாம். மைதானத்துக்கு உரிய பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து அவர்களைப் பேசவிட்டால், பெர்லினைப் பற்றி ஆசிரியர் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் மிச்சமிருக்கும்.

அடுத்தடுத்த ஊர்கள், வேறுவேறு முடிவுகள்

பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்று திரட்டியபோது மறவர் பாளையங்களில் சிவகிரி மட்டும் சேரவில்லை என்று பாடநூல் சொல்கிறது. எட்டயபுரமும் ஒதுங்கி நின்றது. பின்னாளில் கட்டபொம்மனுக்கு எதிராக எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது. பிள்ளைகள் உடனே துரோகி, வீரன் என்று பிரிப்பார்கள். அந்தப் பிரிப்போடு நின்றுவிட்டால் வரலாறு அங்கேயே நின்றுவிடும். அண்டைப் பாளையத்தோடு இருந்த எல்லைத் தகராறு, பழைய பகை, தன் குடிகளைக் காக்க வேண்டும் என்ற கணக்கு, பதவி ஆசை ஆகிய எல்லாமே அந்த முடிவுகளில் கலந்திருந்தன. கம்பெனி அந்தப் பிளவைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தியது.

இதற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பொருத்தமான இணை இன்றைய உகாண்டா. புன்யோரோவின் அரசர் கபலேகா பல ஆண்டுகள் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டார். அண்டை நாடான புகாண்டாவின் தலைவர்கள் பலர் பிரிட்டிஷாரோடு சேர்ந்தார்கள். 1899இல் கபலேகா பிடிபட்டு சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். புன்யோரோவின் நிலத்தில் ஒரு பகுதி புகாண்டாவுக்குப் பரிசாகப் போனது. 1900ஆம் ஆண்டின் புகாண்டா ஒப்பந்தம் அங்கிருந்த தலைவர்களுக்குச் சதுர மைல் கணக்கில் நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுத்தது. நேற்றுவரை குடிகளின் தலைவராக இருந்தவர் நிலக்கிழார் ஆனார். குடிகள் அவருக்கு வாரம் கட்டுபவர்கள் ஆனார்கள்.

சேத்தூரிலும் சிவகிரியிலும் நடந்ததும் இதுவே. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட பின் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு வந்தது. 1802ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்தைத் தொடர்ந்து எஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் அந்த ஜமீன் முறையை ஒழித்தது. அதை நடைமுறைப்படுத்திய ஆண்டுகளில், 1949 முதல் 1952 வரை, மாகாண முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசுவாமி ராஜா. பாளையம் ஜமீனாகி, ஜமீன் ஒழிந்தது வரையுள்ள ஒன்றரை நூற்றாண்டை உள்ளூர்ப் பெயர்களைக் கொண்டே இங்கே சொல்லிவிட முடியும். பல மாவட்டங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

நாடுகடத்தலும் அப்படித்தான். 1802 பிப்ரவரியில் தென்னாட்டுப் போராளிகள் எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு வயது பதினைந்து. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவன். இன்றைய கானாவிலுள்ள அசாந்தி நாட்டில் 1900இல் பிரிட்டிஷாருக்கு எதிரான போரை நடத்திய ராணித்தாய் யா அசாந்தேவா சீஷெல்ஸில் சிறைவைக்கப்பட்டு 1921இல் அங்கேயே இறந்தார். வேலு நாச்சியாரைப் படித்த பிள்ளைகளிடம் யா அசாந்தேவாவின் கதையைச் சொன்னால் இன்னொரு முறை சொல்லும்படி கேட்பார்கள்.

பருத்தி

இந்த வட்டாரத்துக்கே உரிய பாடம் பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து தடைபட்டபோது இங்கிலாந்து ஆலைகளின் கண் இந்தியக் கரிசல் மண்மீது விழுந்தது. திருநெல்வேலிப் பருத்தி தூத்துக்குடி வழியே கப்பலேறியது. ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ராஜபாளையத்தில் உள்ளூர் முதலீட்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கியது 1936இல். இன்று பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியின் தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்கின்றன. தறிச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைக்கு மாஜி மாஜி கிளர்ச்சியைச் சொல்லாமல் விடலாகாது.

இன்றைய தான்சானியாவில் ஜெர்மானிய ஆட்சி 1902 முதல் ஊர்ப் பொதுத் தோட்டங்களில் பருத்தி பயிரிடக் கட்டளையிட்டது. சொந்த வயலை விட்டுவிட்டு மக்கள் அங்கே வேலை செய்ய வேண்டும். கூலி அற்பம், மேற்பார்வையாளரின் சவுக்கு தாராளம். 1905 ஜூலையில் மாத்தும்பி மலை மக்கள் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கிளர்ச்சி தெற்கு முழுவதும் பரவியது. மந்திரித்த நீர் தோட்டாவைத் தண்ணீராக்கும் என்று நம்பித் துப்பாக்கி முன் போனார்கள். ஜெர்மானியப் படை பயிரையும் களஞ்சியத்தையும் கொளுத்தியது. மாண்டவர்கள் 75,000 முதல் 3 லட்சம் வரை என்று கணிக்கிறார்கள். பெரும்பாலோர் பட்டினியால் செத்தவர்கள். இங்கே விலையும் வரியும் விவசாயியைப் பருத்திக்குத் தள்ளின. அங்கே சவுக்கு தள்ளியது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டு சொல்லும்படி கேள்வி அமைக்க வேண்டும்.

ஒப்பீடு நிற்குமிடம்

இங்கே நடந்ததும் ஆப்பிரிக்காவில் நடந்ததும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் அது ஆப்பிரிக்கருக்குச் செய்யும் அநியாயம். பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் வழியே அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே விட்டுவைத்தது. சேத்தூரிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அத்தகைய வெள்ளைக் குடியேற்றம் நடக்கவில்லை.

தமிழர் தென்னாப்பிரிக்காவுக்குப் போன கதையையும் இருபுறமும் பார்த்துச் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். அவர்கள்மீது சுமத்திய மூன்று பவுன் வரியை எதிர்த்த 1913 போராட்டத்தையும், 1914இல் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையையும் பிள்ளைகள் அறிவார்கள். அவர்கள் கரும்பு வெட்டிய நிலம் ஜூலு மக்களிடமிருந்து பறித்தது என்பதை அறிய மாட்டார்கள். அந்த ஜூலு மக்களில் பம்பாத்தா 1906இல் தலைவரிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, காந்தி ஆங்கிலேயர் தரப்பில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் இந்தியர் படை ஒன்றை நடத்தினார். அந்தப் படை பெரும்பாலும் காயம்பட்ட ஜூலுக்களுக்கே பணி செய்தது. இதை மறைக்காமல் சொல்வதால் காந்தி சிறுத்துப்போக மாட்டார்.

கொடுமைகளை எவ்வளவு காட்டுவது என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. காங்கோவில் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை தன் சொந்தச் சொத்தாக ஆண்டபோது, ரப்பர் அளவு குறைந்த ஊர்களில் கை வெட்டப்பட்டவர்களின் படங்கள் உள்ளன. அந்தப் படங்களை எட்டாம் வகுப்பில் காட்ட வேண்டாம், அச்சம்தான் மிஞ்சும். ரப்பர் அளவு எப்படி நிர்ணயிக்கப்பட்டது, பெண்களைப் பிணையாக அடைத்து ஆண்களை எப்படிக் காட்டுக்கு அனுப்பினார்கள், ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற பெண் எடுத்த நிழற்படங்கள் ஐரோப்பாவில் எப்படி எதிர்ப்பைத் திரட்டின என்பதை வாய்மொழியாகச் சொன்னால் போதும். தோல்விகளை மட்டும் அடுக்குவதும் கூடாது. 1879 ஜனவரி 22இல் இசாண்டில்வானாவில் ஜூலுப் படை பிரிட்டிஷாரை வென்றது. 1896 மார்ச் 1இல் அட்வாவில் எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக் இத்தாலியப் படையை முறியடித்தார்.

வரைபடப் பயிற்சிக்கு உள்ளூர் எல்லைகளே உதவும். ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலியிலிருந்து 1910இல் ராமநாதபுரம் மாவட்டத்துக்கும், 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கும் மாறியது. அடுத்தடுத்து இருக்கும் சேத்தூரும் சிவகிரியும் இன்று இரு மாவட்டங்களில் உள்ளன. ஆனாலும் திருமணமும் சந்தையும் தடைபடவில்லை. சோமாலி மக்களைப் பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ், எத்தியோப்பியா ஆகியவற்றின் ஆட்சிப் பகுதிகளாகப் பிரித்த கோடுகள் அப்படிப்பட்டவை அல்ல; அவை பின்னாளில் போர்களுக்கே காரணமாயின. எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே 22 பாகை அட்சரேகையில் ஓடும் எல்லையை அளவுகோலால் அளக்கச் சொன்னாலே, அதைப் போட்டவர்கள் அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

இவ்வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் நினைவு மாளிகை இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து அரை நாளில் போய்வரலாம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போது ஆப்பிரிக்க வரைபடம் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.